பிறப்பில் இல்லாத எழுத்துப்பிழை

பெங்களூரு அல்சூர் ஏரிக்குச் சற்றுத் தொலைவில் உள்ளது மர்பி டவுன். தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதி இது. இங்கு ஒரு வீட்டில் ஒருவருக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தால், நலம் விசாரித்தபின் எழும் முதல் ஐயம், "இது குடும்பத்தில் வருகிற நோயா?" என்பதே. திருமண வயதில் மகள் இருக்கும் வீட்டில் இந்த ஐயம் அச்சமாகவே மாறிவிடுகிறது. நோயை மறைப்பவர்களும், மறைப்பதற்காகவே மருத்துவத்தைத் தாமதிப்பவர்களும் உண்டு. ஆனால், பெரும்பாலான புற்றுநோய்கள் பெற்றோரிடமிருந்து வருபவை அல்ல. அவை நம் வாழ்நாளில், நம் உடலுக்குள்ளேயே நேரும் எழுத்துப்பிழைகளால் விளைபவை.

பேரேட்டில் நேரும் பிழை

மனித உடலில் ஏறத்தாழ 37 இலட்சம் கோடி செல்கள் உள்ளன. உட்கருவுடைய ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. என்னும் பேரேடு இருக்கிறது. தாய்வழி 300 கோடி, தந்தைவழி 300 கோடி என அதில் 600 கோடி எழுத்துகள். ஒரு செல் இரண்டாகப் பிரியும் முன் இவை அனைத்தையும் படியெடுக்க வேண்டும். எழுத்தரின் கணக்கைச் சரிபார்க்கும் மேலாளர்போல, பிழை திருத்தும் நொதிகளும் செல்லில் உள்ளன. ஆயினும் சில பிழைகள் தப்பிவிடுகின்றன. இவற்றையே சடுதிமாற்றங்கள் என்கிறோம்.

விந்தணு அல்லது சினைமுட்டையில் உள்ள மாற்றம் பிள்ளைகளுக்குச் செல்லக்கூடும். தோல், குடல், எலும்பு மஜ்ஜை போன்ற உறுப்புகளின் செல்களில் நேரும் மாற்றமோ அந்தச் செல்லுக்கும் அதன் வழித்தோன்றல்களுக்கும் மட்டுமே உரியது. அந்த மனிதரோடு அது முடிந்துவிடுகிறது. இதுவே உடற்செல் சடுதிமாற்றம்.

நலமான உடலிலும் உண்டு

இம்மாற்றங்கள் நோயாளிகளுக்கு மட்டும் உரியவை அல்ல. பிரிட்டனின் வெல்கம் சாங்கர் நிறுவன ஆய்வாளர்கள் 16 பாலூட்டி இனங்களின் குடல் செல்களை ஆராய்ந்து 2022ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். மனிதரின் ஒரு குடல் செல்லில் ஆண்டுக்கு ஏறத்தாழ 47 மாற்றங்கள் சேர்கின்றன. சுண்டெலியில் ஏறத்தாழ 800. ஆயுள் குறைந்த உயிரினங்களில் மாற்றங்கள் விரைந்து சேர்வதை அந்த ஆய்வு காட்டியது.

சில மாற்றங்களை உடலே வேண்டிச் செய்துகொள்கிறது. நோய்க்கிருமி நுழைந்ததும், எதிர்ப்பொருள் உருவாக்கும் வெள்ளணுக்கள் தம் மரபணுக்களின் ஒரு பகுதியைத் தாமே மாற்றியமைத்து, கிருமியோடு மேலும் பொருந்தும் எதிர்ப்பொருளைத் தேடுகின்றன. தடுப்பூசி பயன் தருவதிலும் இத்திறனுக்குப் பங்குண்டு.

பெரும்பாலான மாற்றங்கள் நன்மையும் செய்வதில்லை, தீமையும் செய்வதில்லை. செல்லின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணுவில் பிழை நேரும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. புகையிலை, பாக்கு, கடும் வெயில், கதிர்வீச்சு ஆகியவை அத்தகைய பிழைகளைப் பெருக்குகின்றன. வயது முதிர்வும் ஒரு காரணம். 70 வயதைக் கடந்தோரில் பத்தில் ஒருவருக்கேனும், மாற்றமடைந்த ஒரே மஜ்ஜைச் செல்லின் வழித்தோன்றல்கள் இரத்தத்தில் பெருகியிருக்கக் காணலாம். இது இதயநோய் அபாயத்தையும் கூட்டுகிறது.

ஒரு பிழை, ஒரு மாத்திரை, ஒரு வழக்கு

நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய் இதற்குத் தெளிவான சான்று. 1960ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் ஆகியோர் இந்நோயாளிகளின் செல்களில் இயல்பைவிடச் சிறிய ஒரு குரோமோசோமைக் கண்டனர். 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் தம் துண்டுகளை இடம்மாற்றிக் கொண்டதே அதற்குக் காரணம் என 1973இல் ஜேனட் ரௌலி விளக்கினார். இரு துண்டுகள் தவறாக இணைந்ததால் உருவாகும் புதிய புரதம், 'பெருகு' என்னும் கட்டளையை ஓயாமல் பிறப்பிக்கிறது. வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருள் ஒருவரிடம் இப்பிழை இருந்து மற்றவரிடம் இல்லாதிருப்பது, இது பரம்பரையாக வருவதன்று என்பதை உணர்த்துகிறது.

அந்தப் புரதத்தின் செயலைத் தடுக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. சில ஆண்டுகளில் உயிரைப் பறித்த நோய், நாள்தோறும் மாத்திரை உண்டு கட்டுப்படுத்தக்கூடிய நோயாயிற்று. ஆனால், காப்புரிமை பெற்ற மருந்தின் விலை அக்காலத்தில் மாதத்திற்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாயாக இருந்தது. இந்திய நிறுவனங்களின் மருந்து ஏறத்தாழ 10,000 ரூபாயாக இருந்தது.

அம்மருந்தின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கோரி நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998இல் அளித்த விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் நிராகரித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. அறியப்பட்ட பொருளின் புதிய வடிவம் கூடுதல் மருத்துவப் பயன் தருவதாக நிறுவப்பட வேண்டும் என்னும் சட்டப்பிரிவின்படி, 2013 ஏப்ரல் 1 அன்று நீதிமன்றம் அந்நிறுவனத்தின் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. இந்தியாவில் குறைந்த விலை மருந்து தொடர்ந்து கிடைக்க இத்தீர்ப்பு வழிவகுத்தது.

மருந்து எட்டும் விலையில் கிடைத்தால் மட்டும் போதாது. அதனை இடைவிடாது உண்ணவும் வேண்டும். உடல் தேறிவிட்டதென்று தாமே மாத்திரையை நிறுத்துவோரிடம் நோய் மீளக்கூடும். எஞ்சிய நோய்ச் செல்களில் புதிய சடுதிமாற்றம் தோன்றினால், அதே மருந்து பயனற்றுப் போகவும் கூடும். நிறுத்துவதா, மாற்றுவதா என்பதை இரத்தப் பரிசோதனையின் அடிப்படையில் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

மர்பி டவுன் வாசிகளுக்கு ஓசூர் சாலையை ஒட்டி 1973 முதல் இயங்கும் கிட்வாய் புற்றுநோய் நிறுவனமும், சென்னை வாசகர்களுக்கு 1954இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிறுவனமும் அருகில் உள்ளன. இந்த இரத்தப் புற்றுநோய், தொடக்கத்தில் அறிகுறி ஏதுமின்றி, சாதாரண இரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் மிகுந்திருப்பதால் வெளிப்படுவது உண்டு. எனவே, அறிக்கையில் மாறுபாடு இருப்பின் அலட்சியம் வேண்டா.

புற்றுநோய்களுள் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு பரம்பரைக் கூறு உடையவை. நெருங்கிய உறவினர் பலருக்கு மார்பகம், சினைப்பை அல்லது குடல் புற்றுநோய் வந்திருப்பின், மரபணு ஆலோசனை பெறுதல் நன்று.

மருத்துவக் காப்பீட்டை உடல்நலத்தோடு இருக்கும்போதே எடுத்தல் அறிவுடைமை. முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரல் முதல் 36 மாதங்களுக்கு மேற்படலாகாது. விண்ணப்பப் படிவத்தில் நோய் விவரங்களை மறைப்பது, பிற்காலத்தில் இழப்பீடு மறுக்கப்படக் காரணமாகலாம்.

உடற்செல்லில் நேர்ந்த பிழை ஒரு குடும்பத்தின் குறையன்று. அதனை மறைக்க வேண்டிய தேவையும் இல்லை. உரிய காலத்தில் வெளியே சொல்லி, உரிய மருத்துவத்தை நாடுவதே நோயுற்றவருக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் நன்மை பயக்கும்.