துடைக்கத் துடைக்கத் தேயும் பளபளப்பு

தினமும் துடைத்தால்தான் கார் புதுசாக இருக்கும் என்பது பரவலான நம்பிக்கை. வண்ணப்பூச்சின் முதல் எதிரியே அந்தத் துடைப்புதான்.

காலை ஐந்தரை மணி. தில்லியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பால் பாக்கெட்டுக்கு முன்பே வந்துவிடுகிறார் கார் துடைப்பவர். கையில் அரை வாளித் தண்ணீர், தோளில் கிழிந்த பனியன் துணி. ஒரு காருக்கு ஐந்து நிமிடம். கண்ணாடி, பானெட், கூரை, கதவுகள், கடைசியாகச் சக்கரம். அதே துணியை அதே தண்ணீரில் முக்கிப் பிழிந்துகொண்டு அடுத்த காருக்கு நகர்கிறார். ஆபீஸ் கிளம்பும் நேரத்துக்குள் இருபது கார்களாவது முடிந்தாக வேண்டும். பத்தாவது காருக்கு வரும்போது வாளியில் இருப்பது தண்ணீரல்ல, சேறு.

சொந்தக்காரருக்குத் திருப்திதான். ஈரம் காயும்வரை கார் மின்னுகிறது. ஆனால் பகல் வெயிலில் பானெட்டில் சூரியன் பிரதிபலிக்கும் இடத்தைக் குனிந்து பார்த்தால் கதை வேறு. சிலந்தி வலை போல நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள். கீறல்கள் எல்லாத் திசையிலும்தான் இருக்கின்றன. ஒளியைச் சுற்றி வளைந்தாற்போல் அமைந்தவை மட்டும் மின்னுவதால் வலையாகத் தெரிகின்றன. கறுப்பு, கருநீலக் கார்களில் இது பளிச்சென்று தெரியும். வெள்ளைக் கார் ரகசியத்தைக் காப்பாற்றும். இந்தியச் சாலைகளில் வெள்ளைக் கார்கள் இத்தனை ஓடுவதற்கு வெயில் மட்டும்தான் காரணமா என்று சந்தேகிக்கலாம்.

குற்றவாளி தூசு. கோடையில் ராஜஸ்தான் பக்கமிருந்து வீசும் 'ஆந்தி' என்ற புழுதிக்காற்று ஒரே மாலையில் ஊரையே மூடிவிடும். அந்தப் புழுதியில் குவார்ட்ஸ் மணல் துகள்கள் இருக்கின்றன. குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறக்கூடியது. அதை ஈரத் துணியால் அழுத்தித் துடைப்பது, உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சற்றுத்தான் குறைவு. காய்ந்த தூசை இறகுத் துடைப்பானால் தட்டுவதும் லேசுப்பட்டதல்ல.

இத்தனை தேய்ப்பையும் தாங்க வேண்டிய பூச்சின் கனம் எவ்வளவு? இன்றைய காரில் தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், வண்ணம், அதற்கும் மேல் 'க்ளியர் கோட்' என்ற நிறமற்ற பூச்சு என்று நான்கு அடுக்குகள். எல்லாம் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். பளபளப்பைத் தருகிற க்ளியர் கோட் மட்டும் சுமார் 40 மைக்ரான். மனிதத் தலைமுடி இதைவிடத் தடிமன்.

அம்பாசடர் காலத்துப் பழக்கங்கள் இங்கேதான் இடறுகின்றன. 2014இல் உற்பத்தி நின்றுபோன அந்தக் காரின் பழைய மாடல்களில் க்ளியர் கோட் கிடையாது. வண்ணமே மேல் அடுக்கு. வெயிலில் அது வெளிறிச் சுண்ணாம்பு பூத்துவிடும். டிரைவர்கள் ரப்பிங் காம்பவுண்டைப் பஞ்சில் எடுத்துத் தேய்த்தால் மேல் தோல் உரிந்து அடியிலிருந்து புது நிறம் எட்டிப் பார்க்கும். பஞ்சில் காரின் நிறம் ஒட்டியிருக்கும். அந்தக் கனத்த பூச்சுக்கு அது சரிப்பட்டது. இன்றைய காரில் துணியில் காரின் நிறம் வந்தால், க்ளியர் கோட் போய்விட்டது என்று அர்த்தம். அதன்பின் பெயின்ட் கடைதான்.

வீட்டிலேயே ஒழுங்காகக் கழுவ ஆகும் செலவு அதிகமில்லை. இரண்டு வாளிகள், கார் ஷாம்பூ, நாலைந்து மைக்ரோஃபைபர் துணிகள். நிழலில், பானெட் ஆறிய பிறகு தொடங்க வேண்டும். முதல் வேலை துடைப்பதல்ல. மேலிருந்து தண்ணீர் ஊற்றித் தூசைத் தானாக ஓட விடுவது. பிறகு ஒரு வாளியில் ஷாம்பூ நீர், இன்னொன்றில் வெறும் நீர். துணியை ஷாம்பூ நீரில் நனைத்துக் கூரையிலிருந்து கீழாகத் துடைத்து, ஒவ்வொரு முறையும் வெறும் நீரில் அலசிய பிறகே மறுபடி ஷாம்பூவில் விட வேண்டும். இரண்டாவது வாளியில் கலங்கி நிற்கும் சேறு, பூச்சில் கீறலாக விழுந்திருக்க வேண்டியது. சக்கரத்துக்குத் தனித் துணி. பாத்திரம் தேய்க்கும் சோப்பும் சலவைத் தூளும் மெழுகைக் கரைத்துவிடும் என்பதால் அவை வேண்டாம். டீசலோ மண்ணெண்ணெயோ தடவி மினுக்குவதும் வேண்டாம்; அந்த எண்ணெய்ப் பிசுக்கு அடுத்த தெருவுக்குள் தூசை இழுத்து ஒட்டிக்கொள்ளும்.

கழுவியதும் உடனே துடைத்து உலர்த்திவிட வேண்டும். ஆழ்குழாய்த் தண்ணீர் வெயிலில் தானாகக் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாக உப்பு வட்டங்களை விட்டுப் போகும். பறவை எச்சத்துக்கு மட்டும் வாராந்தரக் குளியல்வரை காத்திருக்கக் கூடாது. அதிலுள்ள அமிலம் கோடை வெயிலில் பூச்சை அரித்துத் தழும்பாக்கிவிடும். சுரண்டாமல், ஈரத் துணியை அதன் மேல் சில நிமிடம் போட்டு ஊறவைத்து எடுக்கலாம். விஸ்வகர்மா பூஜை, ஆயுத பூஜைகளில் வைக்கும் மஞ்சள், சந்தனம், குங்குமத்துக்கும் இதே வைத்தியம்தான். மறுநாளே செய்துவிடுவது நல்லது.

பாலிஷும் வாக்ஸும் ஒன்றென்றே பலரும் நினைக்கிறார்கள். இரண்டும் எதிரெதிர் வேலைகள். பாலிஷில் நுண்ணிய அரத்துகள்கள் உண்டு. கீறலைச் சுற்றியுள்ள க்ளியர் கோட்டைக் கீறலின் ஆழத்துக்குத் தேய்த்துச் சமமாக்குவதால்தான் கீறல் மறைகிறது. ஆக, ஒவ்வொரு பாலிஷும் இருப்பிலிருந்து எடுக்கும் செலவு. வாக்ஸ் எதையும் எடுப்பதில்லை. மேலே ஒரு மெழுகுத் திரை போடுகிறது. பிரேசில் நாட்டுப் பனையோலையில் கிடைக்கும் கார்னாபா மெழுகுக்குக் கார்ப் பிரியர்களிடம் இன்றும் தனி மவுசு. ஆனால் நம் வெயிலில் சில வாரங்களுக்கு மேல் நிற்காது. செயற்கை சீலன்ட்கள் சில மாதம் தாக்குப்பிடிக்கும்.

பாலிஷ் போட்டே ஆக வேண்டுமென்றால், கழுவி உலர்த்திய பானெட்டை மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கைவிட்டுத் தடவிப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பும் விரலுக்குத் தெரியும். ஷாம்பூ நீர் தெளித்து 'க்ளே பார்' என்ற களிமண் கட்டியை மெதுவாக ஓட்டினால் அது போய்விடும். பிறகு, இருப்பதிலேயே மென்மையான பாலிஷை மூலையில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் போட்டுப் பார்த்து, போதுமென்றால் அதையே தொடரலாம். பூச்சு மெலிந்திருக்கும் விளிம்புகளிலும் மடிப்புகளிலும் கையை அழுத்தக் கூடாது. இரவல் வாங்கிய மெஷினைச் சொந்தக் காரில் ஓட்டிப் பழகுவதும் புத்திசாலித்தனமல்ல. நகம் தடுக்கும் அளவு ஆழமான கீறலை எந்த பாலிஷும் போக்காது. விளம்பரங்கள் என்ன சொன்னாலும் சரி.

தண்ணீர் விஷயமும் இருக்கிறது. தோட்டக் குழாயைத் திறந்துவிட்டால் பத்து நிமிடத்தில் நூறு லிட்டருக்கு மேல் ஓடிவிடும். 2024 மார்ச்சில் பெங்களூரு தவித்தபோது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது அங்குள்ள குடிநீர் வாரியம். அதே ஆண்டு மே மாதம் தில்லி அரசு, குழாய் பிடித்துக் கார் கழுவுவோருக்கு 2,000 ரூபாய் அபராதம் அறிவித்தது. இரண்டு வாளி முறைக்கு, முதலில் ஊற்றும் நீரையும் சேர்த்து, மூன்று நான்கு வாளிகள் போதும். வாரம் ஒருமுறை இதைச் செய்துவிட்டு, மற்ற நாட்களில் கண்ணாடிகளை மட்டும் துடைத்தால் பூச்சும் பிழைக்கும், தண்ணீரும் மிஞ்சும்.

ஆனால் ஒரு நாள் துடைக்காவிட்டால் "இன்றைக்கு ஆளைக் காணோமே" என்று மாதச் சம்பளத்தில் பிடிக்கப் பார்க்கும் சொந்தக்காரர்கள்தான் அதிகம். சில நூறு ரூபாய்க்கு ஒரு காரைத் துடைப்பவர், ஒவ்வொரு காருக்கும் புதுத் தண்ணீர் சுமந்து வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. வாராந்தரக் கழுவலுக்கு அதே சம்பளம் என்று பேசிக்கொண்டு, வாளியையும் துணியையும் வீட்டிலிருந்தே கொடுத்துவிடலாம். கீழே விழுந்த துணியை உதறிவிட்டுத் துடைக்கக் கூடாது, வேறு துணி எடுக்க வேண்டும் என்றும் அவரிடம் சொல்லிவைக்க வேண்டும். அதற்கு முதலில் அவரிடம் வேறு துணி இருக்க வேண்டும்.