அடைத்த பல்லின் ஓரம்

பல்லை அடைப்பது என்றால் சூத்தைக் குழியை நிரப்புவது என்றே நம்மில் பலர் விளங்கி வைத்திருக்கிறோம். நிரப்பினால் மட்டும் போதாது. அந்தப் பல்லுக்கு முன்பிருந்த வடிவத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். வடிவம் பிழைத்தால் அடைப்பு உறுதியாக இருக்கும், பல் வலிக்காது. ஆனால் அதைச் சுற்றியுள்ள முரசும் எலும்பும் மெல்ல மெல்லப் பழுதாகும்.

இந்தப் பிழை எங்கே நேர்கிறது? பெரும்பாலும் கடைவாய்ப் பற்களில், ஒரு பல் மற்றப் பல்லைத் தொடும் பக்கத்தில், முரசை அண்டிய ஓரத்தில். தூணுக்குப் பலகை அடித்துக் கொங்கிறீட் போடுவதை எல்லோரும் பார்த்திருப்போம். பலகை நெருங்கிப் பொருந்தாவிட்டால் அடியில் கலவை பிதுங்கிவிடும். பல் வைத்தியரும் பல்லைச் சுற்றி மெல்லிய உலோகப் பட்டி ஒன்றைக் கட்டி, அடியில் சிறு ஆப்பு இறுக்கித்தான் இடைப்பக்கத்தை அடைக்கிறார். ஆப்பு சரியாக இறுகாவிட்டால் அடைப்பு வெளியே துருத்தி நிற்கும். பட்டி சரியாக வளையாவிட்டால் இரு பற்களுக்கும் நடுவே இடைவெளி விழும். இறைச்சி நார் நாளாந்தம் அங்கே போய்ச் சிக்கும். மேல்தாடையின் முதலாவது முன்கடைவாய்ப் பல்லின் முன்பக்கத்தில் வேரை அண்டி இயற்கையாகவே ஒரு பள்ளம் உண்டு. நேரான பட்டி அந்தப் பள்ளத்தில் படியாது. ஆகவே அவ்விடத்தில் கூடுதல் கவனம் வேண்டும்.

எவ்வளவு பேருக்கு இது நேர்கிறது? துருத்தி நிற்கும் அடைப்புகள் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 1990இல் வெளியான ஒரு மீளாய்வு, அடைக்கப்பட்ட பற்பரப்புகளில் 25 முதல் 76 சதவீதம் வரை இக்குறை காணப்பட்டதாகச் சொல்கிறது. இத்தனை பெரிய வித்தியாசம் எப்படி வரும் என்று கேட்கலாம். கூர்க்கம்பியால் தடவிப் பார்த்து எண்ணுவது ஒன்று, எக்ஸ்றே படத்தில் பார்த்து எண்ணுவது வேறொன்று. எவ்வளவு துருத்தினால் குறையென்று கொள்வது என்பதிலும் அளவுகோல் மாறுகிறது. ஆனாலும் மிகக் குறைந்த கணக்கைப் பிடித்தாலும் நான்கில் ஒன்று!

இதன் விளைவை நிக்லாஸ் லாங்கும் உடனாய்வாளரும் 1983இல் காட்டினார்கள். வேண்டுமென்றே 1 மில்லிமீற்றர் துருத்திய தங்க அடைப்புகளைச் சில பல் மருத்துவ மாணவர்களுக்குப் பொருத்தினார்கள். முரசைக் கெடுக்கும் பற்றீரியாக்கள் அவ்விடத்தில் பெருகின. ஓரம் சரியான அடைப்பை மாற்றி வைத்தபோது நிலைமை திரும்பவும் சீரானது.

"அடைச்ச பல்லும் ஆடுது சேர், கழட்டினாத்தான் நிம்மதி" என்று சொல்பவர்களை நான் கண்டிருக்கிறேன். கழட்டுவதற்கு முன்னர் ஓரத்தைப் பார்க்கச் சொல்வதே என் வேண்டுகோள். ஒரே இடத்தில் சாப்பாடு சிக்குதா? பல்லிடை நூல் அவ்விடத்தில் நார் நாராகப் பிய்யுதா? அங்கே மட்டும் முரசில் இரத்தம் கசியுதா? அப்படியானால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். பல்லிடுக்கைக் காட்டும் சிறிய எக்ஸ்றே படத்தில் துருத்தல் தெரியும். சிறிதென்றால் தேய்த்து மட்டப்படுத்தலாம். பெரிதென்றால் அடைப்பையே மாற்ற வேண்டும். கரைந்துபோன எலும்பு தானாக வளர்ந்து வராது என்பதால் தாமதிக்கக் கூடாது.

இனிமேல் பல் அடைக்கப் போகிறவர்கள் கதிரையை விட்டு எழும்ப முன்னர், "நூலை ஒருக்கா விட்டுப் பார்ப்பமா டொக்டர்?" என்று கேட்டுவிடுங்கள். நல்ல வைத்தியர் கோபிக்க மாட்டார்.