புல்மோட்டை மணலும் உக்கலின் பிடியும்

திருகோணமலைக்கு வடக்கே, புல்மோட்டைக் கடற்கரையின் கரிய மணலில் பாதிக்கு மேல் இல்மனைட். இரும்பும் தைட்டானியமும் ஒட்சிசனோடு இறுகிய கனியம் அது. கூடவே ரூட்டைல், சிர்கோன், சிறிதளவு மோனசைட். மோனசைட்டில் தோரியம் உண்டு. வாடைக் காலத்து அலைகள் இந்தக் கனியங்களைத் திரும்பத் திரும்பக் கரைசேர்க்கின்றன. இலங்கை கனிய மணல் கூட்டுத்தாபனம் 1957இல் அமைக்கப்பட்டதும் இவற்றைப் பிரித்தெடுக்கத்தான்.

இவ்வளவு உலோகம் கிடக்கும் மணலால் வெளியிலிருந்து வந்து சேரும் உலோகத்தைப் பிடித்து வைக்க முடியாது. மணலிலுள்ள தைட்டானியமும் தோரியமும் பளிங்குக் கட்டமைப்புக்குள் இறுகிக் கிடக்கின்றன. மழைநீர் அவற்றை எளிதில் கரைப்பதில்லை. (கதிர்வீச்சு வேறு விடயம். கரையாத மோனசைட்டும் அதை வெளிவிடும்.) கிணற்றுக்கும் பயிருக்கும் ஆபத்தானவை நீரில் கரைந்து நகரும் உலோகங்கள்: பழைய பற்றரியின் ஈயம், பூஞ்சணக்கொல்லியின் செப்பு, பொசுபேற்றுப் பசளையோடு வரும் கட்மியம். இவற்றைத் தடுத்து நிறுத்தும் பொருட்களில் முதன்மையானது மண்ணின் சேதனப் பொருள். இலை, வேர், சாணம் எல்லாம் உக்கி மிஞ்சும் கருமையான உக்கல் அதன் முக்கிய பகுதி.

உக்கலின் மேற்பரப்பில் காபொட்சில், பீனோல் கூட்டங்கள் நிறைந்திருக்கின்றன. அவை ஐதரசனை இழக்கும்போது மறையேற்றம் பெறுகின்றன. கரைந்த உலோகங்களில் பல நேரேற்றம் உடையவை, ஆகவே அங்கே போய் ஒட்டுகின்றன. இந்தப் பிடிக்கும் திறனை அளக்கலாம். இலங்கை மண்களில் பரவலாகக் காணப்படும் கயோலினைட்டுக் களியில் கிலோவுக்கு 3 முதல் 15 சென்ரிமோல். நன்கு உக்கிய சேதனப் பொருளில் 150 முதல் 300. வெறும் படிக மணலில் ஏறத்தாழ ஒன்றுமில்லை.

ஏற்றத்தின் ஈர்ப்பு மட்டும் என்றால் பிடி தளர்வானதுதான். கல்சியம் அதிகம் வந்தால் ஒட்டிய உலோகத்தைத் தள்ளிவிடும். உறுதியான பிடி வேறு வகை. நண்டு இரு கொடுக்காலும் கவ்வுவதுபோல, உக்கலின் இரண்டு மூன்று கூட்டங்கள் ஒரே உலோக அணுவைச் சேர்ந்து பற்றுகின்றன. செப்பும் ஈயமும் இப்படி இறுகச் சிக்கும். நாகமும் கட்மியமும் அவ்வளவு சிக்குவதில்லை. இரசம் கந்தகக் கூட்டங்களைத் தேடி ஒட்டும். செப்பின் மீதான பிடி எவ்வளவு கடுமையானது என்பதற்கு, வடிகாலிட்டுப் புதிதாகப் பயிரிடப்பட்ட ஐரோப்பியக் கரிச்சேற்று நிலங்கள் (பெரும்பாலும் சேதனப் பொருளாலானவை) சான்று: மண்ணில் செப்பு இருந்தும் பயிர்களுக்குச் செப்புக் குறைபாடு வந்தது.

எண்ணெய்க்கும் பல பீடைகொல்லிகளுக்கும் ஏற்றம் கிடையாது. நீரோடு கலக்க விரும்பாத அவை உக்கலின் கொழுப்புத்தன்மையான பகுதிகளுக்குள் புகுந்து தங்குகின்றன. நைத்திரேற்று இதற்கு நேர்மாறு. அதுவும் மறையேற்றம் உடையது என்பதால் உக்கல் அதைப் பிடிப்பதில்லை. கற்பிட்டியின் மணல் தோட்டங்களில் இட்ட நைதரசன் பசளை கிணறுகளில் நைத்திரேற்றாகச் சேர்ந்தது நன்கு ஆராயப்பட்ட செய்தி.

பிடித்தவை என்றைக்கும் பிடியில் இருக்கும் என்று நம்பக் கூடாது. மண் அமிலமானால் ஐதரசன் திரும்பி வந்து இடத்தைப் பிடிக்கும், உலோகம் விடுபடும். உக்கலின் ஒரு பகுதி நீரில் கரையக்கூடியது. அது உலோகத்தைத் தன்னோடு சுமந்தே கிணற்றுக்குப் போகும். நீர் தேங்கிய வயலில் கட்மியம் சல்பைட்டாகி அடங்கியிருக்கும். கதிர் முற்றும் காலத்தில் நீரை வடித்தால் மீண்டும் கரையும். ஆர்சனிக் விடயத்தில் சேதனப் பொருள் தீங்கும் செய்யும். வங்காளப் படுகையில் நுண்ணுயிர்கள் சேதனப் பொருளை உண்டு ஒட்சிசனைத் தீர்த்ததால் இரும்பு ஒட்சைட்டுகள் கரைந்து, அவற்றில் ஒட்டியிருந்த ஆர்சனிக் குடிநீரில் கலந்தது. 1986இன் செர்னோபில் அணுவுலை விபத்துக்குப் பின், அதிலிருந்து பரவிய கதிரியக்கச் சீசியத்தைக் களிமண் இறுக்கிப் பிடித்தது. கரிச்சேற்று மண்ணிலோ அது புல்லுக்கும் பாலுக்கும் எளிதாக ஏறியது.

கிழக்குக் கரை மணலில் உக்கல் சேர்வதற்குப் பெருந்தடை வெப்பந்தான். காற்றோட்டமுள்ள மணலில் இலைகுழை விரைவாக உக்கி, காபனீரொட்சைட்டாகப் பறந்துவிடுகிறது. ஒருமுறை மாட்டெரு போட்டால் போதாது. ஒவ்வொரு போகத்துக்கும் குழையும் எருவும் இட வேண்டும். உமிக்கரி மெதுவாகவே சிதைவதால் நெடுநாள் நிற்கும். நகரக் குப்பையில் செய்த கூட்டெருவை மட்டும் ஆய்வு செய்யாமல் இடக் கூடாது. ஈயமும் கட்மியமும் அதனோடேயே வரலாம். மணற்பாங்கில் கிணறு வைத்திருப்போர் பழைய பற்றரியையும் கழிவெண்ணெயையும் கிணற்றடியில் கொட்டாதிருப்பதே முதல் காவல். அங்கே நிலத்தடி நீர் ஆழத்தில் இல்லை. இடையில் தடுக்க உக்கலும் இல்லை.