அஸுமியின் வாள்

குருதட்சிணையாகக் கட்டை விரலைக் கேட்ட ஆசாரியரை நாம் அறிவோம். உயிர்த் தோழனின் தலையையே தட்சிணையாகக் கேட்ட குரு ஒருவரை "அஸுமி" என்னும் ஜப்பானியப் படத்தில் கண்டோம். கண்ட நாள் முதல் அந்தக் காட்சி நம் மனத்தைவிட்டு அகலவில்லை.

ஜப்பானில் 1600-ஆம் ஆண்டு நடந்த செகிகஹாரா யுத்தத்தில் டொகுகவா இயேயாசு வெற்றி பெற்றார். 1603-ல் ஷோகன் பதவியும் ஏற்றார். ஆனால் பழைய டொயோடோமி வம்சத்திடம் விசுவாசம் கொண்ட பிரபுக்கள் இன்னும் இருந்தார்கள். அவர்களை முன்கூட்டியே தீர்த்துவிட்டால் மறுபடி யுத்தமே வராதல்லவா? இந்த நோக்கத்துடன் கெஸ்ஸாய் என்னும் வீரர் மலைக்காட்டில் பத்துக் குழந்தைகளை வளர்க்கிறார். இறந்த தாயின் அருகே கண்ணீரின்றி உட்கார்ந்திருந்த சிறுமி அஸுமி, அவர்களில் ஒரே பெண்.

பயிற்சி முடிகிறது. "உங்களுக்கு மிகவும் பிரியமானவருடன் ஜோடி சேருங்கள்" என்கிறார் குரு. குழந்தைகள் சிரித்துக்கொண்டே ஜோடி சேருகிறார்கள். அடுத்த கட்டளை: "ஒருவரையொருவர் கொல்லுங்கள்!" பத்துப் பேர் ஐவராகிறார்கள்.

வழியில் ஒரு கிராமத்தைக் கொள்ளையர் சூறையாடுகிறார்கள். கத்தி எடுத்த கரங்கள் துடிக்கின்றன. "நமது வேலை இதுவன்று" என்று குரு தடுத்துவிடுகிறார். உலகத்துக்குச் சமாதானம் தேடிப் புறப்பட்டவர்கள் கண்ணெதிரே மடியும் ஏழைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்! படத்தின் உயிர்நிலை இதுவே என்று நமக்குத் தோன்றுகிறது.

அஸானோ நாகமாஸா, காடோ கியோமாஸா, ஸனாடா மஸாயுகி ஆகிய மூவரே குறிவைக்கப்பட்டவர்கள். சரித்திரப்படி இம்மூவரும் ஒரே ஆண்டில், 1611-ல், காலமானார்கள். ஆனால் வாளால் அல்ல. அந்த ஒற்றுமைக்குள் கற்பனை சாமர்த்தியமாகப் புகுந்துகொண்டிருக்கிறது. யூ கோயாமா 1994 முதல் பத்திரிகையில் தொடர்ந்து வரைந்த சித்திரக் கதையே படத்துக்கு மூலம்.

2003-ல் வெளிவந்த இப்படத்தின் டைரக்டர் ரியூஹேய் கிடாமுரா. அஸுமியாக நடித்த ஆயா உவேடோவுக்கு அப்போது வயது 17. வாள் வீச்சைவிட, வீசி முடித்தபின் அவர் முகத்தில் படரும் திகைப்பையே நாம் மெச்சுகிறோம். கெஸ்ஸாயாக வரும் யோஷியோ ஹராடாவின் கம்பீரமும், வெள்ளுடையில் புன்னகையுடன் கொலை செய்யும் பிஜோமாருவாக ஜோ ஒடகிரி காட்டும் குரூரமும் மறக்க முடியாதவை.

குறைகளும் உண்டு. கடைசிச் சண்டையில் அஸுமி தனியொருத்தியாக ஒரு பெரும் படையையே வெட்டிச் சாய்க்கிறாள்; எண்ணி எண்ணி நாம்தான் களைத்துப் போனோம். காமிராவும் தலைகீழாகச் சுழன்று நம் தலையையும் சுழலவைக்கிறது. சிந்தும் ரத்தத்தைக் கருதினால், குழந்தைகளை வீட்டில் விட்டுச் செல்வதே உத்தமம்.

இடையில் யாயே என்னும் பெண் அஸுமிக்கு நல்லுடை உடுத்தி, உதட்டுக்குச் சாயமும் தீட்டுகிறாள். சற்று நேரம் அவள் எல்லாப் பெண்களையும் போல ஒரு பெண்ணாகிறாள். கயவர்கள் வந்து சேருகிறார்கள். வாள் மறுபடி கைக்கு வருகிறது.

எத்தனை எதிரிகளை வென்றாலும், முதல் நாள் தன் கையால் மாண்ட தோழனை அவள் திரும்பப் பெற முடியுமா? குழந்தைகளின் அன்பைக் கொன்று வாங்கும் சமாதானம் யாருக்காக? படம் இதற்கு விடை சொல்லவில்லை. நாமும் அந்தக் கேள்வியுடனேயே வீடு திரும்பினோம்.