எட்டுப் பக்கங்களுக்கு ஒரே சீருடை!



அறிவியல் கண்காட்சிக்காக நம் பள்ளி மரங்களைப் பற்றி எட்டு இணையப் பக்கங்கள் செய்தேன். வேம்பு, புங்கை, பூவரசு என்று மரத்துக்கு ஒரு பக்கம். எழுத்தின் நிறம், அளவு எல்லாவற்றையும் அந்தந்தப் பக்கத்துக்குள்ளேயே எழுதிவிட்டேன். கணினி மிஸ் பார்த்துவிட்டு, "மஞ்சள் எழுத்து கடைசி பெஞ்சுக்குத் தெரியாதுப்பா, பச்சையா மாத்திடு" என்றார்கள். எட்டுப் பக்கத்தையும் திறந்து திறந்து மாற்றினேன். அப்படியும் புங்கை மட்டும் மஞ்சளாகவே நின்றது!

"என்ன சொல்றோம்ங்கிறது வேற, எப்படிக் காட்டுறோம்ங்கிறது வேற. ரெண்டையும் ஒரே ஃபைல்ல போட்டுக் குழப்பாதே" என்றார்கள் மிஸ்.

யோசித்துப் பாருங்கள். நம் சீருடை நிறத்தை ஒவ்வொருவர் நெற்றியிலுமா எழுதி ஒட்டியிருக்கிறார்கள்? அறிவிப்புப் பலகையில் ஒரே இடத்தில் போட்டால் போதும். அதை மாற்றினால் எல்லோர் சட்டையும் மாறும்.

இணையத்திலும் இதே கதைதான். ஹெச்டிஎம்எல் கோப்பில் தலைப்பு எது, பத்தி எது, பட்டியல் எது என்ற அமைப்பு மட்டும் இருக்கும். நிறமும் அளவும் சிஎஸ்எஸ் என்ற தனிக் கோப்பில் இருக்கும். இந்த யோசனையை 1994-இல் முன்வைத்தவர் நார்வே நாட்டின் ஹோகோன் வியூம் லீ. பெர்ட் போஸ் அவரோடு சேர்ந்துகொண்டார். 1996 டிசம்பரில் டபிள்யூ த்ரீ சி என்ற இணையத் தர அமைப்பு இதைப் பரிந்துரையாக வெளியிட்டது.

சரி, இரண்டு கோப்பையும் சேர்த்து வைப்பது யார்? பக்கத்தின் 'ஹெட்' பகுதியில் வரும் 'லிங்க்' என்ற ஒரே ஒரு வரி! அதில் இரண்டு விஷயம் முக்கியம். 'ரெல்' என்பது உறவைச் சொல்லும்: "இது என் ஸ்டைல்ஷீட்." 'ஹெச்ரெஃப்' என்பது முகவரியைச் சொல்லும்: "அது இங்கே இருக்கிறது." இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் அலங்காரம் வராது.

எக்ஸ்எம்எல் இன்னும் சுவாரசியம். அதில் குறிகளின் பெயரை நாமே வைக்கலாம். 'மரம்', 'பூ' என்று தமிழிலேயே வைக்கலாம்! ஆனால் 'மரம்' என்பது தலைப்பா, பத்தியா என்று பிரவுசருக்கு எப்படித் தெரியும்? நாம் சொல்லாவிட்டால் குறிகளையும் சேர்த்து அப்படியே கொட்டிவிடும். அதனால் கோப்பின் தொடக்கத்தில், முதல் குறிக்கும் முன்னால், 'எக்ஸ்எம்எல்-ஸ்டைல்ஷீட்' என்ற கட்டளை வரி போட வேண்டும். இதற்கான விதி 1999 ஜூனில் வந்தது.

இப்போது கண்காட்சி நாளுக்கு வருவோம். பென் டிரைவிலிருந்து லேப் கணினியில் ஏற்றினேன். ஐயோ! எட்டுப் பக்கமும் வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. பெற்றோர்கள் வர அரை மணி நேரம்தான். கை நடுங்கிப்போச்சு.

மிஸ் கேட்டது ஒரே கேள்வி: "ஃபைல் பேரை எப்படி எழுதியிருக்கே?" கோப்பின் பெயரில் முதல் எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்து. லிங்க் வரியிலோ சின்ன எழுத்து. என் வீட்டு விண்டோஸ் அந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளவில்லை. லேபில் இருக்கும் லினக்ஸ் விடுமா? அதற்கு இரண்டும் வேறு வேறு பெயர்!

நான் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தபோது, ஆறாம் வகுப்புத் தம்பி ஒருவன் திரையைப் பார்த்து, "அண்ணா, புங்கங்கொட்டையில எண்ணெய் எடுப்பாங்களா?" என்று கேட்டான். அப்போதுதான் உறைத்தது. அலங்காரம்தான் போயிருந்தது; விஷயம் ஒரு வரிகூடப் போகவில்லை. தலைப்பு தலைப்பாகவும் பட்டியல் பட்டியலாகவும் நின்றதால் அவன் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தான்.

கோப்பின் பெயரில் அந்த ஒரு எழுத்தை மாற்றினேன். எட்டு மரமும் ஒரே நேரத்தில் பச்சையாச்சு, புங்கையும் சேர்த்து!

நண்பர்களே, இணையப் பக்கம் செய்தால் முதலில் விஷயத்தை ஒழுங்காக அடுக்குங்கள். சட்டையைப் பிறகு மாட்டலாம். மாட்டும்போது கோப்பின் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.



பதினோராம் வகுப்பு மாணவன், கணினி அறிவியல் பிரிவு