பாலம் வந்தது, சந்தை எப்போது?

படுவான்கரைக்கு ஒரு சந்தை என்றால் ஊர் ஒரே குரலில் ஆதரிக்கும். அந்த ஆதரவை எந்தத் திட்டத்துக்குக் கொடுப்பது என்பதுதான் இனி யோசிக்க வேண்டியது.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் குளமுமாக விரிந்து கிடப்பது படுவான்கரை. நெல், கத்தரி, வெண்டி, சோளன், கச்சான், தயிர் எல்லாம் பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகின்றன. அவற்றை வாங்கி விற்கும் கடைத்தெருக்களோ களுவாஞ்சிக்குடி, ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடி, புளியந்தீவு என்று வாவியின் மறுபக்கத்தில் இருக்கின்றன. ஒரு கரையில் விளைகிறது, மறு கரையில் விலை முடிவாகிறது. படுவான்கரையின் பாதிப் பொருளாதாரக் கதை இதற்குள் அடங்கிவிடும்.

2007 வரை போரின் எல்லைக்கோடும் இந்த வாவியாகவே இருந்தது. மண்முனைத் துறையில் மக்களும் மூட்டைகளும் 'பாதை' எனப்படும் மிதவைப் படகில் ஏறித்தான் கரை கடந்தார்கள். 2014 ஏப்ரலில் ஜப்பானிய உதவியோடு 210 மீற்றர் நீள மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. நோயாளியை நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடிந்தது. பிள்ளைகள் நகரப் பாடசாலைக்குப் போனார்கள். அந்தப் பாலத்தின் அருமை அதற்கு முன் பாதைக்காகக் காத்து நின்றவர்களுக்குத் தெரியும்.

ஆனால் பாலம் இரண்டு பக்கமும் ஓடும். நகரத்துப் பொருள் ஊருக்குள் வருவதும், ஊரார் கையிலுள்ள காசு நகரத்துக்குப் போவதும் அதே வேகத்தில் நடந்தன. விளைவித்தவரின் பேரம் பேசும் பலம் மட்டும் கூடவில்லை.

விலை எங்கே விழுகிறது

படுவான்கரையின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் அரை ஏக்கரில் கத்தரி போட்ட ஒரு குடும்பத்தின் நாளைப் பாருங்கள். முதல்நாள் பின்னேரமே காயை ஆய்ந்து, சூத்தையைக் கழித்து, உரப் பையில் கட்டி வைப்பார்கள். விடிய முன்னரே ஓட்டோவோ 'பட்டா' எனும் சிறு லொறியோ பிடித்து வாவியைக் கடப்பார்கள். மொத்த வியாபாரி பையை அவிழ்த்து இரண்டு காயை எடுத்துப் பார்த்து ஒரு விலை சொல்வார். அந்த விலை கட்டாது என்று பையைத் திரும்ப ஏற்றினால் வாகனக் கூலி இரட்டிப்பாகும். வெயில் ஏற ஏறக் காய் வாடும். ஆகவே சொன்ன விலைக்கே கொடுத்துவிட்டு, அந்தக் காசில் அரிசியும் சீனியும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள்.

பக்கத்தில் ஒரு சந்தை இருந்தால் 'இந்த விலைக்கு ஏலாது' என்று சொல்லலாம். பையை வீட்டுக்கு எடுத்துப்போய் அடுத்தநாள் கொண்டுவரலாம், சில்லறையாகவும் விற்கலாம். அயல் சந்தை விவசாயிக்குத் தரும் முதல் நன்மை, மறுத்துச் சொல்லும் உரிமைதான். தூரம் குறைவதெல்லாம் அதற்குப் பிறகு. ஒரு பாத்திரம் தயிரோடும் நாலு கட்டுக் கீரையோடும் வரும் பெண்ணுக்கு இது இன்னும் பெரிய விடயம். அந்தச் சிறு வருமானத்துக்காக அவரால் வாகனக் கூலி கொடுத்து வாவி கடக்க முடியாது.

இங்கே சந்தை வைத்தால் சனம் வருமா என்ற ஐயம் வேண்டாம். தான்தோன்றீஸ்வரர் ஆலயத் தேர்த் திருவிழா நாட்களில் கொக்கட்டிச்சோலை வீதி முழுக்கக் கடை முளைப்பதை மாவட்டமே கண்டிருக்கிறது. வாங்கவும் விற்கவும் ஆள் இருக்கிறது. ஆண்டு முழுக்க நடத்துவதற்கான இடம்தான் இல்லை.

கட்டடம் சந்தையாகாது

சந்தை என்றதும் மாடிக் கட்டடத்தையும் திறப்பு விழாவையும் நினைப்பவர்கள் வவுனியாவை ஒருமுறை பார்த்துவர வேண்டும். 2016இல் வடக்குக்கான பொருளாதார மத்திய நிலையத்துக்கு 20 கோடி ரூபா ஒதுக்கப்பட்டது. அது ஓமந்தையிலா, தாண்டிக்குளத்திலா என்று அரசியல்வாதிகள் மாதக்கணக்கில் இழுபட்டார்கள். கடைசியில் மதவாச்சி வீதியில் மூன்றுமுறிப்பில் கட்டடம் எழும்பியது. எழும்பிய பிறகும் அது பல ஆண்டுகள் பூட்டியே கிடந்தது. எந்த இடம் என்ற சண்டையில், யார் வந்து விற்பார், யார் வாங்குவார், எந்த நேரத்தில் லொறி வரும் என்ற கேள்விகள் பின்னுக்குப் போய்விட்டன.

மதுரை இதற்கு நேர்மாறு. 1999 நவம்பர் 14 அன்று அண்ணா நகரில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அங்கே பெரிய கட்டடம் எதுவும் இல்லை. விவசாயிக்கு அடையாள அட்டை, வாடகையில்லாத இடம், தராசு, பலகையில் அன்றைய விலை, இவ்வளவுதான். தரகர் உள்ளே வர முடியாது என்ற விதிதான் அதை நிலைக்கவைத்தது. பணம் அதிகம் வேண்டாம். விதியைச் சரியாக வகுத்து, அதைக் காக்க ஆள் இருந்தால் சந்தை நடக்கும்.

ஆதரவோடு சேர்ந்த நிபந்தனைகள்

பொதுச் சந்தை அமைத்து நடத்தும் அதிகாரம் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி பிரதேச சபைகளுக்கு உண்டு. படுவான்கரையில் மண்முனை மேற்கு, மண்முனை தென்மேற்கு, போரதீவுப்பற்று என மூன்று சபைகள். 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்தபின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கே மக்கள் பிரதிநிதி எவரும் இருக்கவில்லை. 2025 மே 6 தேர்தலுக்குப் பின் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். கேட்க ஆளிருக்கும்போது எதைக் கேட்பது என்பதில் நாம் தெளிவாக இருக்க வேண்டும்.

முதலாவது, நிலத்தில் சாக்கை விரித்து விற்பவருக்கே முதல் இடம். பூட்டுப் போட்ட கடை அறைகளைக் கேள்விப்பத்திரம் மூலம் கொடுத்தால் அவை பணமுள்ளவர் கைக்கே போகும். கீரைக்காரி மறுபடியும் வீதியோரத்தில்தான் இருப்பார்.

இரண்டாவது, நேர்மையான தராசு. யாழ்ப்பாணச் சந்தைகளில் விவசாயியின் நிறையில் நூற்றுக்குப் பத்து வீதம் 'கழிவு' பிடிக்கும் வழக்கத்தை எதிர்த்து எத்தனை போராட்டங்கள் நடந்தன! அந்த வழக்கம் இங்கே முதல்நாளே காலூன்ற விடக்கூடாது.

மூன்றாவது, தண்ணீரும் பெண்களுக்கான கழிவறையும். படுவான்கரையின் உன்னிச்சைக் குளத்து நீர் நகரத்தின் குடிநீராகப் போகிறது. அந்த நிலத்துச் சந்தையில் ஒரு குழாயாவது இருக்க வேண்டாமா?

நான்காவது, வாவியை நிரவிக் கட்டக்கூடாது. கண்டலை வெட்டிப் பெற்ற நிலத்தில் சந்தை வைத்தால் இறாலும் நண்டும் பெருகும் இடம் போகும். மாரி வெள்ளமும் முதலில் அங்கேதான் ஏறும். குப்பைக்கும் கழிவுநீருக்கும் வழி சொல்லாத வரைபடத்தை ஏற்கவே கூடாது. மட்டக்களப்பு நகரின் திருப்பெருந்துறைக் குப்பை மேட்டால் அயலவர் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை.

ஐந்தாவது, சந்தை எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். வன்முறைக் காலங்களில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் கடைப்பக்கம் மற்றவர் போகாமல் இருந்த நாட்கள் உண்டு. அதனால் விவசாயியும் கெட்டார், வியாபாரியும் கெட்டார். காத்தான்குடி வியாபாரியும் ஏறாவூர் வியாபாரியும் வந்து போட்டி போட்டு வாங்கினால்தான் கத்தரிக்காய்க்கு நல்ல விலை கிடைக்கும்.

எதிர்ப்பும் வரும். சந்தி நெரிசலாகும் என்று அயலவர் சொல்வார்கள். வியாபாரம் குறையும் என்று இருக்கிற கடைக்காரர் கவலைப்படுவார். அவர்களையும் அழைத்துப் பேச வேண்டும். வாகனம் நிறுத்த இடமும் காலையில் நேரக்கட்டுப்பாடும் இருந்தால் நெரிசல் தீரும். மரக்கறி வாங்க வரும் சனம் பக்கத்துக் கடையில் சவர்க்காரமும் வாங்கும் என்பதைப் பழைய சந்தை ஊர்கள் எல்லாம் அறியும்.

சபைகள் அடுத்த பாதீட்டுக்கு முன் ஒரு வேலை செய்யட்டும். வேளாண்மை வேலை முடிந்து சனம் வரக்கூடிய பின்னேரத்தில் கூட்டம் வைத்து, இடத்தையும் வரைபடத்தையும் கடை கொடுக்கும் விதியையும் பலகையில் ஒட்டட்டும். ஊராரும் வெறுமனே கையெழுத்து வைத்துவிட்டு வராமல், இந்த ஐந்தையும் எழுதி அதன்கீழ் கையெழுத்து வைக்கட்டும். அப்படி வரும் சந்தையைக் கட்டிக் காக்க ஊரே நிற்கும். பூட்டிக் கிடக்க விடாது.