கணிப்பொறி யார் சொல்லை முதலில் கேட்கும்?

பள்ளியொன்றில் தலைமையாசிரியர் விடுப்பில் இருந்தால் உதவித் தலைமையாசிரியர் பொறுப்பேற்பார். அவரும் வாராவிடின் மூத்த ஆசிரியர் ஏற்பார். இவ்வரிசை முன்னரே எழுதி வைக்கப்பெற்றிருப்பதால் காலை மணி அடித்தவுடன் பள்ளி குழப்பமின்றி நடைபெறுகின்றது. மாணவர்களே, உங்கள் மடிக்கணினிக்குள்ளும் இத்தகைய பொறுப்பு வரிசை ஒன்று உண்டு. அதனை அறிந்து கையாளும் முறையை இன்று காண்போம்.

மின்விசையை அழுத்தியவுடன் விண்டோஸ் நேரே எழுந்துவிடுவதில்லை. தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறு சில்லில் பொதிந்திருக்கும் நிரலே முதற்கண் விழிக்கின்றது. இதற்குப் பயாஸ் என்று பெயர். 1975ஆம் ஆண்டில் கேரி கில்டால் என்னும் அமெரிக்க அறிஞர் தாம் இயற்றிய சி.பி.எம். இயக்க முறைமையில் இப்பெயரை வழங்கினார். இன்று அதனிடத்தில் யு.இ.எஃப்.ஐ. என்னும் புதிய அமைப்பு வந்துவிட்டது. எனினும் பழகிய பெயர் மக்கள் நாவில் நிலைத்துவிட்டது. இந்நிரல் நினைவகம், விசைப்பலகை முதலிய உறுப்புகளைச் சோதித்த பின்னர், இயக்க முறைமை எங்குளது எனத் தேடும். உள்ளிருக்கும் வட்டிலா, பென்டிரைவிலா, வலையிணைப்பிலா? எதனை முன்னர் நாடுவது, எதனைப் பின்னர் நாடுவது என்னும் ஒழுங்கே 'பூட் வரிசை' எனப்படும்.

விண்டோஸ் பழுதுற்று எழ மறுக்கும்போதும், லினக்ஸ் போன்ற வேறோர் இயக்க முறைமையை நிறுவ விழையும்போதும் இவ்வரிசையை மாற்ற நேரும். எடுத்துக்காட்டாகத் திங்க்பேட் மடிக்கணினியைக் கொள்வோம். நிறுவனச் சின்னம் தோன்றும்போதே எஃப் 1 விசையைத் தட்டினால் அமைப்புப் பக்கம் திறக்கும். அங்கே 'ஸ்டார்ட்டப்' என்னும் பிரிவில் 'பூட்' என்பதைத் தேர்ந்து, திரையில் குறித்துள்ள விசைகளால் பட்டியலை மேலும் கீழும் நகர்த்தலாம். எஃப் 10 அழுத்தினால் மாற்றம் பதிவாகும். ஒரு முறை மட்டும் பென்டிரைவிலிருந்து எழுப்ப வேண்டுமாயின் வரிசையைத் தொடவே வேண்டா. எஃப் 12 விசையே போதும். பிற நிறுவனக் கணினிகளில் இவ்விசைகள் வேறுபடும்.

தேவை தீர்ந்ததும் பழைய வரிசையை மீட்பது ஏன் இன்றியமையாதது? 1986இல் தோன்றிய பிரெயின் என்னும் நச்சுநிரல் நெகிழ்தட்டின் தொடக்கப் பகுதியில் குடிகொண்டது. அத்தட்டிலிருந்து கணிப்பொறி எழுந்தவுடன் நினைவகத்தில் ஏறி, பிற தட்டுகளுக்குப் பரவிற்று. முதலில் எழுவது எதுவோ அதுவே ஆள்கின்றது என்பது இதனால் விளங்கும். கையொப்பம் சரிபார்த்து நிரலை ஏற்கும் 'செக்யூர் பூட்' என்னும் காவல், பிற்காலத்தில் இத்தகைய தீங்கினைத் தடுக்கவே வந்தது. அதனைக் காரணமின்றி அணைத்தல் தகாது.

இணைப்பு வாயில்களின் செய்தியும் இதுவே. திங்க்பேட்டின் 'செக்யூரிட்டி' பிரிவில் யு.எஸ்.பி. வாயில், ஒளிப்படக்கருவி, ஒலிவாங்கி, புளூடூத் ஆகியவற்றைத் தனித்தனியே அடைக்கலாம். பலர் புழங்கும் ஆய்வுக்கூடத்தில் இது நல்ல காப்பு. ஆயினும் இங்கே அடைத்ததை விண்டோஸால் திறக்க இயலாது. கருவி பழுதென்று எண்ணிக் கடைக்கு ஓடுமுன் இப்பக்கத்தை நோக்குதல் அறிவுடைமை.

மூன்று எச்சரிக்கைகளை நினைவிற் கொள்ளுங்கள். மாற்றுமுன் பழைய நிலையைத் தாளில் எழுதி வையுங்கள். வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருப்பின், மாற்றத்திற்குப் பின் 48 இலக்க மீட்புக் குறியீட்டை அது கேட்கக்கூடும். அதனை முன்னரே தேடி வையுங்கள். அமைப்புப் பக்கத்திற்கு மேலாளர் கடவுச்சொல் இட்டால் அதனை மறவாதீர்கள். திங்க்பேட்டில் அது மறந்துபோயின் தாய்ப்பலகையையே மாற்ற வேண்டி நேரிடும்.

கருவியை ஆள்வது என்பது அதன் விசைகளை அறிவது மட்டுமன்று. வாயிற்காவலன் யாரை முதலில் உள்ளே விடுகின்றான் என்று அறிந்து, அவ்வரிசையை நம் கையில் வைத்திருப்பதேயாகும்.